மலைக்கு ஒரு பேரேடு

போடிநாயக்கனூரில் ‘காய்’ என்றால் ஏலக்காய்தான். மற்ற காயெல்லாம் கத்தரி, முருங்கை என்று தன் பேரைச் சொல்லிக்கொண்டுதான் வரவேண்டும். “காய் இன்னிக்கி என்ன போச்சு?” என்று டீக்கடையில் ஒருவர் கேட்டால், பெஞ்சில் இருக்கும் நாலு பேரில் ஒருவருக்காவது பதில் தெரிந்திருக்கும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலம் போடியிலும், மலைக்கு மேலே புத்தடியிலும் நடக்கிறது. எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ விற்றது, உச்ச விலை என்ன, சராசரி என்ன என்று ஏலம் முடிந்த கையோடு எல்லோர் போனிலும் வந்துவிடும். 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. கல்யாணத் தேதியைச் சொல்கிற மாதிரி சொல்வார்கள்.

(ஏலத்தை ஏலம் விடுகிற ஊர் இது. செடியின் பெயர் இங்கேயே முளைத்த பழைய சொல். விற்பனைக்கான ஏலம் போர்த்துகீசியக் கப்பலில் வந்த சொல் என்கிறார்கள். இரண்டும் சந்தித்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.)

விலைக்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் காய் எப்படி வந்தது என்பதற்கு? ஏலச்செடியின் பூ தரையோரமாய்த் தவழும் சரத்தில் காலையில் விரியும். அதன் அமைப்பு அப்படி. மகரந்தம் தானாகச் சூலகமுடிக்குப் போகாது. ஒரு தேனீ உள்ளே நுழைந்து முதுகில் பூசிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போனால்தான் காய். சினு, சிவண்ணா என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. பயிரிட்ட ஏலத்துக்குக் கூட்டமாய் வாழும் தேனீக்கள் வருகின்றன, காட்டில் தானாய் வளரும் ஏலத்துக்குத் தனித்து வாழும் வேறு தேனீக்கள் வருகின்றன என்று அதில் காட்டியிருந்தார்கள். ஒரே செடி, இரண்டு உலகம். ஆனால் போடிமெட்டுக்கு மேலே இந்தத் தேனீக்கள் போன வருஷம் எவ்வளவு இருந்தன, இந்த வருஷம் எவ்வளவு, மருந்தடித்த தோட்டத்தில் எவ்வளவு, அடிக்காத சோலையோரத்தில் எவ்வளவு என்று வருஷக்கணக்காய் எழுதிவைக்கும் பேரேடு கிடையாது. காயை கிராம் வரை எண்ணும் ஊரில் காயை உண்டாக்கும் உயிரை எண்ண ஆளில்லை.

இத்தனைக்கும் இந்த மலை எண்ணப்படாத மலை அல்ல. இரு நூற்றாண்டுகளாக எண்ணிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் மலையிடமிருந்து யாருக்காவது ஏதாவது தேவைப்பட்டபோதுதான் எண்ணல் தொடங்கியது. தேவை தீர்ந்ததும் நோட்டை மூடிவிட்டார்கள்.

1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு படை அதிகாரிகள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்தார்கள். மலை, ஆறு, வழி, குடி எல்லாம் அந்த ஆவணத்தில் வந்தன. சமஸ்தானத்துக்கு ஏலம் நெடுநாள் அரசின் ஏகபோகச் சரக்கு. ஆகவே ஏலம் விளையும் இடம் எது, போகும் வழி எது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. பிறகு 1897 ஆகஸ்டில் ஏலமலைக் காப்புக்காடு அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பில் உள்ள பரப்பு எவ்வளவு என்பதில் இன்றுவரை சண்டை. 15,720 ஏக்கர் என்கிறது ஒரு தரப்பு. இல்லை, அது 2,15,720 ஏக்கர், முன்னாலிருந்த 2 விழுந்துபோயிற்று என்கிறது இன்னொரு தரப்பு. நகைச்சுவை மாதிரி இருக்கிறதா? அந்த ஒற்றை இலக்கத்துக்குள்ளே இரண்டு லட்சம் ஏக்கர் இருக்கிறது. அதில் தோட்டங்கள், வீடுகள், பள்ளிக்கூடங்கள், கோயில்கள், தேவாலயங்கள், மூன்று நாலு தலைமுறை மனிதர்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 அக்டோபரில் அங்கே புதிதாய்ப் பட்டா கொடுக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. நூற்று இருபத்தேழு வருஷம் கழித்து!

இந்த 2ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எதையும் எதிர்பார்க்காமல் எண்ணியவர்களும் இருந்தார்கள். போடிக்குத் தெற்கே சின்னமனூருக்கு மேலே எழும் மேகமலையை ஆங்கிலேயர்கள் ‘ஹை வேவி’ என்றார்கள். கீழிருந்து பார்த்தால் முகடுகள் அலையலையாய்த் தெரிவதால் வந்த பெயர். அங்கே தோட்டத்தில் வேலை பார்த்த ஆங்கஸ் ஹட்டன், ஓய்வு நேரத்தில் பாம்பையும் பாலூட்டிகளையும் குறித்துவைத்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் 1949இல் அவருடைய குறிப்புகள் வெளியாயின. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1948இல், அவர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துக் கழகத்துக்கு அனுப்பியிருந்தார். அருங்காட்சியகத்தில் அதைச் சாதாரணக் குறுமூக்கு வௌவால் என்று எண்ணி, சீட்டு கட்டி, அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

இருபத்து நாலு வருஷம் அது அங்கேயே கிடந்தது. 1972இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தார். இது வேறு இனம். வேறு இனம் மட்டுமல்ல, வேறு பேரினமே என்று எழுதினார். பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரால் ‘லாட்டிடென்ஸ் சலீமாலியி’ ஆனது. அப்போது உலகத்துக்குத் தெரிந்த ஒரே மாதிரி அந்த ஒன்றுதான். மலையில் அது உயிரோடு இருக்கிறதா என்பதற்கு 1990களில்தான் பதில் கிடைத்தது. 2003இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் சிங்காரவேலனும் மாரிமுத்துவும் அது பகலில் தங்கும் குகை ஒன்றைக் கண்டுபிடித்து எழுதினார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாய் அலமாரியில் நடந்த கண்டுபிடிப்பைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிதாய்ப் படுவது நடுவிலிருக்கும் வெற்றிடம். 1948க்கும் 1990களுக்கும் இடையில் மேகமலையில் எவ்வளவு சோலை தேயிலையாகவும் காப்பியாகவும் ஏலமாகவும் மாறியது? அந்த வௌவால் எத்தனை குகைகளை இழந்தது? யாராலும் சொல்ல முடியாது. ஹட்டன் ஒரு தனி மனிதர். அவர் மலையிறங்கியபோது அவருடைய நோட்டைத் தொடர்ந்து எழுத ஒரு அமைப்பு இல்லை. தோட்டத்தில் மழையளவைக் குறிக்கும் நோட்டை ஒரு கிளார்க் போனால் இன்னொரு கிளார்க் தொடர்ந்தார். அது சம்பளத்தோடு சேர்ந்த வேலை. வௌவாலை எண்ணுவது யார் சம்பளத்திலும் இல்லை.

1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோடு போனதைத் தமிழர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அரசியல் பேசியது போதும், சூழலியலாய் என்ன நடந்தது என்று பார்ப்போம். போடி மலை ஒரே சரிவு. கீழே முள்ளுக்காடு, மேலே ஏறினால் இலையுதிர் காடு, அதற்கும் மேலே புல்வெளியும் சோலையும், உச்சியைத் தாண்டினால் ஏலத்தோட்டம். எல்லைக்கோடு முகட்டோடு போகிறது. விளைவு, ஒரு யானையின் கோடைக்காலம் ஒரு மாநிலத்தின் கோப்பிலும் மழைக்காலம் இன்னொரு மாநிலத்தின் கோப்பிலும் இருக்கும். எல்லையை ஒட்டி அந்தப் பக்கம் இருக்கும் மதிகெட்டான் சோலை 2003இல் தேசியப் பூங்காவானது. வெறும் 12.82 சதுர கிலோமீட்டர். உள்ளே போனவர் வழி தெரியாமல் மதி கெட்டுத் திரிவார் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். இரண்டு அரசுகளின் கோப்புகளுக்குள் போகிறவருக்கும் அதே கதிதான்.

பதிவு இல்லாததன் விலை என்ன என்பது நியூட்ரினோ விவகாரத்தில் வெளிப்பட்டது. 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை மலைக்கடியில் வைத்து நியூட்ரினோவைப் பிடிக்கும் ஆய்வகத்துக்கு முதலில் தேர்ந்த இடம் போடி அல்ல, நீலகிரியில் மசினகுடி பக்கம் இருக்கும் சிங்காரா. 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை மறுத்தது. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் ஓரம், யானை வழித்தடம். அங்கே அப்படி அடித்துச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் உண்டு. இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் அந்தப் பகுதியில் பல பத்தாண்டுகளாக யானைகளைப் பின்தொடர்ந்திருந்தார்கள். முதுமலையில் 1988-89இல் 50 ஹெக்டேர் காட்டைக் கட்டங்கட்டி, மரத்துக்கு மரம் எண் போட்டு, இன்றுவரை அளக்கிறார்கள். தரவு இருந்தது, தடை வந்தது என்று ஒரே கோட்டில் இழுத்துவிட முடியாதுதான். அரசு முடிவுகள் அத்தனை எளிதல்ல. ஆனால் “இங்கே என்ன இருக்கிறது?” என்ற கேள்விக்கு அங்கே ஒரு பதில் தயாராய் இருந்தது.

அடுத்து அவர்கள் வந்து சேர்ந்த இடம் போடி மேற்கு மலை, பொட்டிப்புரம். இங்கே அதே கேள்விக்குப் பதில் தயாராய் இல்லை. திட்டத்துக்காகவே ஆய்வு செய்யவேண்டியிருந்தது. கோவையிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையம் அறிக்கை தயாரித்தது (வௌவாலுக்குப் பெயர் கொடுத்த அதே சாலிம் அலி). 2017 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அந்த வேலைக்கான அங்கீகாரம் இல்லை என்பதும், மதிகெட்டான் சோலை ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பதும் அங்கே பேசப்பட்டன. 2018இல் மறுபடி அனுமதி, மறுபடி வழக்கு, தேசிய வன உயிர் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனை. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவுசெய்தது. பெரியாறையும் மதிகெட்டானையும் இணைக்கும் புலிகளின் பாதை இது என்றது அரசு. முந்தைய வருஷம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டிருந்தது.

திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது இந்தக் கட்டுரையின் வழக்கு அல்ல. இயற்பியலாளர்களும் எதிர்ப்பாளர்களும் பத்து வருஷத்துக்கு மேல் மோதிக்கொண்டார்கள். அந்தப் பத்து வருஷத்தில் இரு தரப்புக்கும் பொதுவான, இரு தரப்புக்கும் முந்திய ஒரு பேரேடு இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. ஒவ்வொரு தரவும் யாரோ ஒருவர் பக்கத்துத் தரவாகவே பிறந்தது. அதனாலேயே மறுபக்கம் நம்பவில்லை.

அப்படி ஒரு பொது அமைப்பை உருவாக்க வேண்டும் என்று யாருமே நினைக்கவில்லையா? நினைத்தார்கள். 2010 மார்ச்சில் மாதவ் காட்கில் தலைமையில் மேற்கு மலைத்தொடர் சூழலியல் நிபுணர் குழு அமைக்கப்பட்டது. 2011 ஆகஸ்ட் 31 அன்று அறிக்கை கொடுத்தார்கள். மலைத்தொடரை ஏறக்குறைய 9 கிலோமீட்டர் சதுரங்களாய்ப் பிரித்து, சுமார் 2,200 கட்டங்களுக்குக் கிடைத்த தகவலையெல்லாம் ஒன்றுசேர்த்தது அந்தக் குழு. குஜராத்திலிருந்து தமிழ்நாடு வரை ஆறு மாநிலங்களுக்கும் சேர்த்து ஒரு சூழலியல் ஆணையம், அதன்கீழ் மாநில ஆணையங்கள், மாவட்டக் குழுக்கள் என்று பரிந்துரைத்தது. அறிக்கையைக் கிராம சபைகளுக்குத் தாய்மொழியில் கொண்டுபோய், எங்கே என்ன அனுமதிக்கலாம் என்று அவர்களைக் கேட்க வேண்டும் என்பது காட்கிலின் பிடிவாதம்.

நடந்தது வேறு. அமைச்சகம் அறிக்கையை வெளியிடவே இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டு, தகவல் ஆணையம் உத்தரவிட்டு, அமைச்சகம் தில்லி உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்று, 2012 மே மாதம்தான் வெளியே வந்தது. ஒன்பது மாதம் மூடிவைத்த பானைக்குள் என்ன இருக்கிறது என்று ஊரே தன் பயத்துக்குத் தக்கபடி கற்பனை செய்துகொண்டது. கஸ்தூரிரங்கன் குழு 2013இல் இன்னொரு அறிக்கை கொடுத்தது. அந்த நவம்பரில் இடுக்கி கொந்தளித்தது. 2014 தேர்தலில் ஹைரேஞ்ச் சம்ரக்ஷண சமிதி ஆதரித்த வேட்பாளர் வென்றார்.

இதை ‘விவசாயிகளின் அறியாமை’ என்று நகரத்தில் இருந்துகொண்டு எழுதுவது எளிது. அந்த 2ஐ இப்போது எடுங்கள். உங்கள் வீடும் தோட்டமும் நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு அறிவிப்பில் ஒரு இலக்கம் இருந்ததா இல்லையா என்பதில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அப்போது இன்னொரு ஆணையம் வந்து, “உங்க மலைய நாங்க கட்டங்கட்டி அளக்கப்போறோம்” என்றால் நீங்கள் காபி போட்டுக் கொடுப்பீர்களா? அந்த மலையில் அளவு என்ற சொல்லுக்கே வெளியேற்றம் என்று இன்னொரு பொருள் உண்டு. நிலத்தின் சிக்கலைத் தீர்க்காமல் உயிரினங்களை எண்ணும் அமைப்பைக் கொண்டுபோனால் அது வருவாய்த்துறையின் ஒற்றனாகத்தான் தெரியும். காட்கில் குழு சொன்ன ஆணையம் பிறக்கவில்லை.

இதைவிடச் சின்னதாய், சட்டப்படி ஏற்கெனவே இருக்கிற ஒன்றும் உண்டு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அது ஊர் மக்களைக் கேட்டு ஒரு மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுத வேண்டும். நாட்டு நெல் ரகம், மூலிகை, மீன், மேய்ச்சல், களை, பூச்சி, எந்த மரம் எப்போது பூக்கும் என்பதெல்லாம் அதில் வரும். இந்தப் பதிவேடும் காட்கிலும் அவர் கூட்டாளிகளும் 1990களில் ஊர் ஊராய்ப் போய்ச் செய்து பார்த்த யோசனைதான். சட்டம் வந்து பல வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2016இல் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு வந்தபோது நாடு முழுவதும் சுமார் 9,700 குழுக்கள், 1,388 பதிவேடுகள்தான் இருந்தன. 2020 பிப்ரவரி முதல் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்று தீர்ப்பாயம் மாநிலங்களை மிரட்டியது. 2020 ஜனவரிக்குள் குழுக்கள் 2.43 லட்சத்தைத் தாண்டின. பதிவேடுகள் 95,000த்தைத் தாண்டின!

ஒரு ஊரில் எப்போது எந்தப் பூ பூக்கிறது என்று எழுத குறைந்தது ஒரு வருஷமாவது ஆகும், இல்லையா? பூவுக்குத் தீர்ப்பாயத்தின் கெடு தெரியாது. அபராதத்துக்குப் பயந்து எழுதிய பதிவேடு எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அவசரம் மட்டும் குறை என்றால் காலப்போக்கில் சரிசெய்துகொள்ளலாம். போடிச் சரிவில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேசியதாய்த் தெரியவில்லை. விடிகாலையில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு மலையேறும். பெரும்பாலும் பெண்கள். காய் எடுப்பது, களை எடுப்பது, மருந்தடிப்பது, ஸ்டோரில் காய வைப்பது. வருஷத்தின் பெரும்பகுதி ஏலச்செடிக்கு அடியில் குனிந்திருப்பவர்கள் இவர்கள். எந்த மூலையில் விரியன் கிடக்கும், யானை எந்த மாதம் எந்த ஓடையில் இறங்கும், எந்தத் தோட்டத்தில் தேனீயின் இரைச்சல் குறைந்தது என்று தெரிந்தவர்கள். சாயங்காலம் கீழே இறங்கிவிடுவார்கள். ஓட்டு, ரேஷன், கிராம சபை எல்லாம் தேனி மாவட்டத்தில். பல்லுயிர்ப் பதிவேடோ உள்ளாட்சி எல்லைக்குள் எழுதப்படுவது. மேலேயுள்ள கேரளப் பஞ்சாயத்தின் பதிவேட்டுக்கு இவர்கள் வெளியூர்க்காரர்கள். கீழேயுள்ள தமிழ்நாட்டுப் பஞ்சாயத்தின் பதிவேட்டுக்கு அந்தத் தோட்டம் வெளியூர். மலையை மிக நெருக்கமாய்ப் பார்க்கும் கண்கள் இரண்டு பதிவேட்டுக்கும் வெளியே நிற்கின்றன. முதுவரும் மன்னானும் பளியரும் எல்லை வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் நடந்தவர்கள். அவர்களுக்கும் இதே கதைதான்.

எண்ணுவது முடியாத காரியம் என்பதில்லை. 2015 முதல் 2020 வரை கேரளத்தில் பறவை அட்லஸ் ஒன்றைத் தன்னார்வலர்களே செய்து முடித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், மாநிலத்தைக் கட்டங்களாய்ப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மழைக்காலத்தில் ஒருமுறை, வறண்ட காலத்தில் ஒருமுறை போய், சுமார் மூன்று லட்சம் பதிவுகள் சேர்த்தார்கள். அரசு ஆணையமோ அபராதமோ இல்லை. அந்த வேலையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் வரைபடத்தில் அதன் கட்டங்கள் போடிமெட்டோடு நின்றுவிடும். பறவை கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தபடி கீழே பறந்துவிடும்.

பழநி மலையில் 1985இல் கொடைக்கானலில் தொடங்கிய பாதுகாப்புக் கழகம் இன்னொரு மாதிரி. அங்கே ஒரு நகரம் இருந்தது, மலையிலேயே குடியிருந்து சங்கம் நடத்த ஆட்கள் இருந்தார்கள். போடிச் சரிவின் பிரச்சினையே வேறு. நகரம் கீழே, தோட்டம் மேலே, நிர்வாகம் இரண்டு தலைநகரங்களில். இங்கே அமைப்பு என்று ஒன்று வந்தால் அது ஜீப்பில் ஏறி இறங்க வேண்டும், இரண்டு மொழியில் நோட்டு எழுத வேண்டும். அதில் எழுதியதை வைத்து யாருடைய பட்டாவிலும் கைவைக்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுக்கவும் வேண்டும். இந்த மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் ஒரு மாதம் தாங்காது.

ஒரே ஒரு முறை இந்த மலையில் இரண்டு மாநிலமும் ஒரே உயிரை ஒரே நேரத்தில் பின்தொடர்ந்தன. அரிக்கொம்பன். சின்னக்கானலில் ரேஷன் அரிசிக்குச் சுவர் உடைத்த யானை. அவன் திரிந்த இடத்தில் இருபது வருஷம் முன்னால் ஆதிவாசிக் குடும்பங்களைக் குடியமர்த்தியபோதே, அது யானைகளின் இடம் என்று வனத்துறைக்குள்ளிருந்து எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது. எழுதியதைப் படிக்கவேண்டியவர்கள் படிக்கவில்லை. 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டு, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாற்றில் கொண்டுபோய் விட்டார்கள். அவன் எல்லை தாண்டி மேகமலைக்கு வந்தான், ஹட்டனின் மலைக்கு. மே 27 அன்று கம்பம் தெருக்களில் ஓடினான். ஆட்டோக்கள் நொறுங்கின, ஊரில் 144 போட்டார்கள், ஒரு உயிரும் போனது. ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை பிடித்து, களக்காடு முண்டந்துறையின் மேல் கோதையாறு காட்டில் விட்டது.

அந்த ஐந்து வாரமும் தேனி மாவட்டத்தில் எல்லோருக்கும் அவன் இருக்கும் இடம் தெரிந்திருந்தது. காய் விலை கேட்கும் டீக்கடையில், “இன்னிக்கி எங்க நிக்கிறானாம்?” என்று கேட்டார்கள். காலரின் சமிக்ஞை கேரள வனத்துறைக்கு வந்தது. தமிழ்நாட்டு வனக் காவலர்கள் அவன் பின்னாலேயே நடந்தார்கள். அவனோடு சின்னக்கானலில் இருந்த மற்ற யானைகளின் கழுத்தில் காலர் இல்லை.